நான் பார்க்காத டீச்சரம்மா

எழுபத்து மூன்றாம் வருடக் கோடை. நாங்கள் அப்போது அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் குடியிருந்தோம். நாங்கள் என்றால் நான், என் மாமியார், மூன்று வயதைத் தொட்டுக்கொண்டிருந்த என் மகள். என் கணவர் ஆப்பிரிக்காவில், ஜாம்பியா நாட்டில், செம்புச் சுரங்கம் இருந்த ஓர் ஊரில் கணக்கு வாத்தியார்.

அந்த நாடு புதிதாகச் சுதந்திரம் வாங்கி, பள்ளிக்கூடமாகத் திறந்துகொண்டிருந்த நேரம் அது. வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று எங்கள் ஆலயத்துப் போதகர் சொல்ல, இவர் எழுதிப் போட்டார். கிடைத்துவிட்டது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட முடியவில்லை. மகள் வயிற்றில் இருந்தாள். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு போனவர்தான், மூன்று வருடம் கழித்துத்தான் லீவில் வந்தார்.

அந்த மூன்று வருடத்தை எப்படித் தள்ளினேன் என்று இப்போது நினைத்தாலும் எனக்குப் புரியவில்லை. தபால்காரர் சைக்கிள் மணி தெருமுனையில் கேட்டாலே கையில் இருக்கும் வேலை நின்றுவிடும். வருகிற கடிதத்தில் என்னைப் பற்றி நாலு வரி இருந்தால் சாப்பாட்டைப் பற்றிப் பத்து வரி இருக்கும். அங்கே மக்காச்சோள மாவில் களி கிண்டுகிறார்களாம், நம் கம்பங்களி மாதிரியே இருக்குமாம். நெத்திலி மாதிரி ஒரு பொடி மீனை உப்பில் காயவைத்து வறுக்கிறார்களாம், அந்த வாசனை வந்தால் நம் அடுப்படி ஞாபகம் வந்துவிடுமாம். ஆனாலும் அம்மா போடும் உப்புக்கண்டம் மாதிரி வருமா என்று எழுதுவார். கறியை உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக் காயவைப்போமே, அது. கனவில் வந்ததாகக்கூட ஒருமுறை எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு நான் சிரித்தேன், அப்புறம் அடுப்படிக்குள் போய் அழுதேன். அவர் கனவில் உப்புக்கண்டம் வருகிறதே, நான் வருகிறேனா என்று ஒரு நினைப்பு.

ஒரு வருடம் போனதும் கடிதத்தில் மீன், உப்புக்கண்டப் பேச்செல்லாம் நின்றுபோனது. அதற்குப் பதிலாகப் பக்கத்து வீட்டு டீச்சரம்மா என்று ஒருவர் வர ஆரம்பித்தார். டீச்சரம்மாவோடு சாயங்காலம் நடக்கப் போனோம், டீச்சரம்மா கீரை சமைத்துக் கொடுத்தார், டீச்சரம்மா திட்டினார். முதலில் பக்கத்தில் ஒத்தாசைக்கு ஆள் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன். பிறகு ஒவ்வொரு கடிதத்திலும் அந்தப் பெயரைத் தேடிப் பார்க்க ஆரம்பித்தேன். இருந்தால் கடிதத்தை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிடுவேன். இல்லாவிட்டால், ஏன் மறைக்கிறார் என்று மறுபடி எடுத்துப் படிப்பேன்.

அவர் வருகிற தேதி தெரிந்ததும் மாமியாரும் நானும் ஒரு மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டோம். உப்புக்கண்டம், மோர் மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய், கூழ் வற்றல் என்று முற்றம் முழுக்கக் காய்ந்தது. காக்கைக்குக் காவல் என் மகள். குச்சியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இதெல்லாம் யாருக்கு என்று கேட்டால், "அப்பாவுக்கு" என்பாள். அப்பா எங்கே என்று கேட்டால் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டுவாள்.

வந்தார். ஆள் இளைத்திருந்தார். தலையில் அங்கங்கே நரை. மகள் அவரைப் பார்த்துவிட்டு என் சேலைக்குள் நுழைந்துகொண்டாள். அன்று மத்தியானம் மாமியார் தன் கையால் இலை போட்டு, எண்ணெயில் பொரித்த உப்புக்கண்டத்தை ஒரு கை அள்ளி வைத்தார்கள். அவர் ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார். கண்ணை மூடி மோந்து பார்த்த மாதிரி இருந்தது. அப்புறம் இலை ஓரமாக வைத்துவிட்டு, "வயிறு சரியில்லம்மா, மோர் மட்டும் போதும். உப்புப் போடாம குடு" என்றார்.

பிரயாண அலுப்பு என்று நினைத்தோம். ஆனால் மறுநாளும் அப்படித்தான், அதற்கு மறுநாளும். குழம்பைத் தொட்டுக்கொள்வார், ஊறுகாயைத் தொடவே மாட்டார். விடிந்ததும் விடியாததுமாகக் கண்மாய்க்கரை வழியாகத் தனியாக நடக்கப் போய்விடுவார். தெருவில் சும்மா இருப்பார்களா? "கப்பல்ல, பிளேன்ல போயிட்டு வந்தவுகளுக்கு நம்ம சோறு எறங்குமா" என்று என் காதுபடவே பேசினார்கள். மாமியார் என்னிடம் மெதுவாகக் கேட்டார்கள், "எங் கைப்பக்குவம் கெட்டுப்போச்சாத்தா? நீ தின்னு பாத்துச் சொல்லு" என்று. ஒரு துண்டைத் தின்று பார்த்தேன், எப்போதும்போல்தான் இருந்தது. சாப்பாடு மட்டும் என்றால் பரவாயில்லை. ஒருநாள் நான் வைத்த கீரையைத் தின்றுகொண்டே, "டீச்சரம்மா இதே கீரையில நிலக்கடலையைப் பொடிச்சுப் போட்டு எலுமிச்சம்பழம் புழிவாக. உப்பே இருக்காது. ஆனா அம்புட்டு ருசியா இருக்கும்" என்று சொன்னார். நான் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

மூன்று வருடமாக ஏங்கிக் கிடந்த ஆள் பக்கத்தில் இருக்கிறார், ஆனால் அவர் அங்கே ஜாம்பியாவில் இருந்தபோதுகூட இவ்வளவு தூரத்தில் இல்லையே என்று தோன்றியது. என் மகள் வேறு ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டாள்: "அம்மா, அவுக எப்ப அவுக வீட்டுக்குப் போவாக?" யாரும் சிரிக்கவில்லை.

அதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் மாமியார் பொறுக்க முடியாமல் இலை முன்னால் உட்கார்ந்து அழுதுவிட்டார்கள். "உங்கப்பாவுக்கு இதுன்னா உசுரு. அவுக போன பெறகு உனக்குன்னுதான்டா இதப் போடுறேன். நீயும் வேண்டாம்னா நான் யாருக்குப் போடுறது?" என்றார்கள்.

அவர் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உப்புக்கண்டத்தை எடுத்துத் தின்றார். கேட்டு வாங்கித் தின்றார். அன்று மட்டுமில்லை, அடுத்து வந்த நாள் எல்லாம் ஊறுகாய், வற்றல், கருவாட்டுக் குழம்பு என்று எதையும் விடவில்லை. வீடே மாறிப்போனது. மாமியார் தெருவில் தலை நிமிர்ந்து நடந்தார்கள். எனக்கும் மனசு கொஞ்சம் இளகியது. நம் ஆள் நமக்குத் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன். அவர் அடிக்கடி நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை வெயில் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் என் பெற்றோரைப் பார்க்கத் திருச்சுழிக்குக் கிளம்பினோம். அவரும் நானும் மகளும். காலை பஸ்ஸில் நல்ல கூட்டம். எனக்கும் மகளுக்கும் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி வழியில், இருபுறமும் முள் நிறைந்த உடைமரம் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில், என் மடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் அவர் மூக்கிலிருந்து ரத்தம். அவர் கையை வைத்துப் பொத்துகிறார், விரல் இடுக்கில் வழிகிறது. வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு. "கண்ணு மங்குது" என்றார். அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டார்.

நான் கத்திய கத்தில் பஸ் நின்றது. நரிக்குடிப் பக்கத்து ஆட்டு வியாபாரி ஒருவர், சந்தைக்குப் போகிறவர் போலிருக்கிறது, தோளில் இருந்த புதுத்துண்டை உருவி அவர் மூக்கில் வைத்து அழுத்தினார். தலையைத் தன் மார்போடு சாய்த்துக்கொண்டு, "நிப்பாட்டாதய்யா, போ, போ! நேரா ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்து" என்று டிரைவரைப் பார்த்துச் சத்தம் போட்டார். நடுவில் கை காட்டியவர்களுக்கு எல்லாம் பஸ் நிற்கவே இல்லை. திருச்சுழி வந்ததும் அந்த வியாபாரியும் கண்டக்டரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். துண்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை, பெயரைச் சொல்லவும் இல்லை.

டாக்டர் சின்ன வயதுக்காரர். இவரைப் படுக்கவைத்து, கையில் துணிப்பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கினார். பெட்டிக்குள் பாதரசம் ஏறியது. டாக்டர் முகம் மாறியது. பட்டையை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தார். ஊசி போட்டுவிட்டு, ரத்தம் கொஞ்சம் கட்டுப்பட்டதும் கேட்டார்: "உங்களுக்குப் பிரஷர் இருக்குன்னு முன்னாடி யாராவது சொல்லியிருக்காங்களா?"

"ரெண்டு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன் டாக்டர். கொண்டு வந்தது தீந்துபோச்சு. பத்து நாளா இல்ல."

நான் பக்கத்தில் நிற்கிறேன். அவர் சொன்னது என் காதில் விழுகிறது. ஆனால் யாரோ வேறு ஒரு பெண்ணின் புருஷனைப் பற்றிய பேச்சு மாதிரி இருந்தது.

டாக்டர் கோபப்படவில்லை. ஆனால் அழுத்திச் சொன்னார். "நல்லாயிருக்குன்னு தோணினாலும் மாத்திரைய நிறுத்தக் கூடாது. இது வெளியில தெரியாமயே உள்ள கெடுத்துக்கிட்டு இருக்கும். மூக்குல வந்ததோட போச்சுன்னு சந்தோஷப்படுங்க. மண்டைக்குள்ள வந்திருந்தா இந்நேரம் என்கிட்டப் பேசிக்கிட்டு இருக்க மாட்டீங்க." அப்புறம் என்னைப் பார்த்து, "வீட்டுல கருவாடு, ஊறுகாய் எல்லாம் உண்டாம்மா?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று முழுதும் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். தகவல் தெரிந்து ஓடிவந்த என் அம்மா, மகளை வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். நானும் அவரும் மட்டும். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம், கீழே சீட்டுக்குக் காத்திருக்கும் கூட்டம். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்ல ஆரம்பித்தார்.

அந்தச் சுரங்க ஊரில் திடீர் திடீரென்று ஆட்கள் விழுவார்களாம். காட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்கு வந்த திடமான ஆட்கள். ஊரில் இருந்தவரை புதுக்கீரையும் களியும் தின்று நடந்தே திரிந்தவர்கள், டவுனுக்கு வந்ததும் உப்பு மீனும் டப்பா உணவும் பீருமாகப் பழகிவிடுகிறார்கள். நேற்றுவரை மண்வெட்டி பிடித்தவன் இன்று கைகால் விளங்காமல் கிடப்பான். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று சொந்தக்காரர்கள் மந்திரிக்கக் கொண்டுபோவார்கள். "நம்ம ஊர்ல காத்துக்கருப்பு அடிச்சிருச்சுங்கிற மாதிரிதான்" என்றார்.

டீச்சரம்மா அந்த நாட்டுக்காரர்தான். அவர் கணவரும் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஒருநாள் காலையில் பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த அம்மா அங்கிருந்த நர்ஸ் ஒருவரிடம் போய், ஏன் இப்படி ஆனது என்று விடாமல் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். அந்த நர்ஸையே கெஞ்சிச் சம்மதிக்க வைத்து, சனிக்கிழமை தோறும் ஆலயத்துக் கூடத்தில் பிரஷர் பார்க்க ஏற்பாடு செய்தாராம். தெருவில் ஒருவரையும் விடமாட்டாராம். ஆண்கள் நழுவினால் வாசலில் குறுக்கே நின்றுகொள்வாராம்.

"என்னையும் அப்படித்தான் புடிச்சாக. எனக்கு ஒண்ணுமில்ல, ஒரு வலியும் இல்லன்னு சிரிச்சேன். அந்தம்மா சிரிக்கல. 'என் புருஷனுக்கும் வலி இல்ல, வாத்தியாரே'ன்னு சொன்னாக. அப்புறந்தான் கையை நீட்டுனேன்."

அன்றே மாத்திரை. அதன் பிறகு சாயங்காலம் பிரஷர் உள்ளவர்கள் எல்லாம் கூட்டமாக நடப்பார்களாம். டீச்சரம்மா முன்னால், இவர்கள் பின்னால், பாட்டுப் பாடிக்கொண்டு. யாராவது ஒருநாள் வராவிட்டால் நேராக வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவாராம். உப்பு மீனை விட முடியாமல் இவர் தவித்தபோது, உப்பில்லாமல் நாக்குக்குப் பிடிக்கிற மாதிரி கீரை செய்யக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான்.

நான் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்டுவிட்டது. "அவுகளுக்கு என்ன வயசு இருக்கும்?"

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் புரிந்துவிட்டது. மூக்கில் பஞ்சை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். "அடியே, அவுகளுக்கு அறுபது ஆகப்போகுது. பேரன் பேத்தி எடுத்தவுக" என்றார். சிரிக்காதீங்க, ரத்தம் வந்துரும் என்று நான் அவர் வாயைப் பொத்தினேன். எனக்கும் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மூன்று வருடத்தில் அன்றுதான் நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?"

"அப்பா அப்படித்தானே போனாக. அம்மா பட்ட பாட்டை நான் பாத்திருக்கேன். மறுபடியும் அவுகளுக்கு அந்தப் பயம் வேண்டாம்னு நெனச்சேன். உன்கிட்டச் சொன்னா நீயும் சேந்து சுமக்கணும். மருந்துக்கடைக்காரர் நமக்குச் சொந்தம், வாங்கப் போனா மறுநிமிஷம் அம்மா காதுக்குப் போயிரும். அதான்…"

என் மாமனாரை நான் பார்த்ததில்லை. பருத்திப் பேட்டையில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது வாதம் அடித்து விழுந்தவர், பல வருடம் படுக்கையிலேயே இருந்து இறந்தார் என்று மட்டும் தெரியும். பேச்சும் போய்விட்டதாம்.

பாளையம்பட்டிக்குத் திரும்பியதும், அம்மாகிட்டச் சொல்லாத என்று அவர் சொல்லியும் நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமியார் அடுப்பு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கத்துவார்கள், மார்பில் அடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். ஒன்றுமில்லை. விறகை உள்ளே தள்ளிவிட்டு, "அந்தப் பட்டையக் கட்டுனா வலிக்குமா?" என்று கேட்டார்கள்.

"இல்ல அத்தை. லேசா இறுக்கும், அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா" என்றார்கள். அதற்குப் பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை. "அவுகளுக்கும் அதக் கட்டிப் பாத்திருக்கலாமேத்தா. யாரும் சொல்லலியே. பேச்சு போன பெறகும் கண்ணாலயே உப்புக்கண்டத்தத்தான் கேப்பாக. பொடிசாப் பிச்சு நாந்தான் ஊட்டுவேன். சந்தோஷமா மெல்லுவாக. அதப் பாத்து நானும் சந்தோஷப்பட்டேன்."

 அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன்.  மறுநாள் இவர் டாக்டரைப் பார்க்க அருப்புக்கோட்டைக்குப் போனபோது மாமியாரும் கூடவே கிளம்பினார்கள். அங்கே போய், "எனக்கும் கட்டிப் பாருங்கய்யா" என்று தானாகவே சேலை முந்தியை ஒதுக்கிக் கையை நீட்டினார்கள். அவர்களுக்கும் பிரஷர் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் மூன்று பெரியவர்களுக்கும் ஒரே சட்டி, ஒரே ருசி. கீரையில் நிலக்கடலை பொடித்துப் போட்டு எலுமிச்சை பிழிந்து முதன்முதலாக நான் செய்தபோது அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "அப்படியே டீச்சரம்மா கையாட்டம் இருக்கு" என்றார். இந்தத் தடவை நான் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இன்னும் ஒரு அகப்பை வைத்தேன்.

மீதி இருந்த நாட்களில் காலையில் அவரோடு நானும் கண்மாய்க்கரையில் நடந்தேன். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடப்பேன். பாதி தூரத்தில் அவள் அவர் தோளுக்குத் தாவிவிடுவாள். லீவு முடிந்தது. இருக்கச் சொல்லிவிடலாமா என்று ஆயிரம் தடவை நினைத்தேன். ஆனால் ஒத்துக்கொண்ட காலம் இன்னும் பாக்கி இருந்தது. நானும் கூடப் போவதென்றால் மாமியாரை யாரிடம் விடுவது? அருப்புக்கோட்டையில் நெய்த கைத்தறிச் சேலை ஒன்றை எடுத்து, டீச்சரம்மாவிடம் கொடுங்கள் என்று அவரிடம் கொடுத்தேன். என்ன சொல்லிக் கொடுக்க என்று கேட்டார். சேலையை மட்டும் கொடுங்கள், போதும் என்றேன்.

அந்தச் சேலையை நீளத் துண்டாக இடுப்பில் சுற்றி, மீதியைத் தலையில் கட்டி, டீச்சரம்மா ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாராம். இவர் எழுதியிருந்தார். போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் என்று நான் எழுதிக் கேட்டேன். அனுப்புகிறேன் என்று சொன்னாராம். அது வரவே இல்லை.

எழுபத்தெட்டில் என் கணவர் ஊரோடு வந்துவிட்டார். திருச்சுழிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை. டீச்சரம்மா பள்ளியை விட்டு, பிள்ளைகள் இருக்கும் வேறு ஊருக்குப் போய்விட்டதாக ஒரு தகவல் வந்தது. அப்புறம் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. இவர் மாத்திரையை ஒருநாளும் விடவில்லை, நடையையும் விடவில்லை. தன் அப்பா விழுந்த வயதைத் தாண்டிய அன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். மகள் கல்யாணத்தையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, முதுமையில், கடைசிவரை பேச்சும் நடையும் குறையாமல்தான் போய்ச் சேர்ந்தார்.

அவர் என்னோடு வாழ்ந்த அத்தனை வருடமும், முகம்கூடத் தெரியாத ஒரு பெண் தன் புருஷனைப் பறிகொடுத்த துக்கத்திலிருந்து எடுத்து எனக்குக் கொடுத்தது. அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற ஆசை மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. நன்றி சொல்ல எந்தத் திசையைப் பார்த்து நிற்பது என்றுதான் தெரியவில்லை.